கையை வைத்துவிட்டு மறப்பவர்

சாயங்காலம் ஆறரை மணிக்கு மாரிச்செல்வி தன் வலது கையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அப்படி ஒரு கை தனக்கு இருப்பதையே மறந்துவிடுவார். இடது கையில் டீ தம்ளர். கண் டிவியில். வலது கை மட்டும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளின் மேல் மல்லாந்து கிடக்கும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு காகிதக் குவியலில் ஓரிடம் லேசாக அசையும். ஒரு மூக்கு வரும். அதன் பின்னால் மீசை, மிளகு போல இரண்டு கண்கள், தேன் நிறத்தில் உருண்டையாக ஓர் உடம்பு. அது கையை முகரும், பின்வாங்கும், மறுபடியும் முகரும். கடைசியில் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகம் துடைக்கத் தொடங்கும். அப்போதும் மாரிச்செல்வி குனிந்து பார்க்கமாட்டார்.

"கைய வச்சுட்டு மறந்துரணும். நாம அதையே நெனச்சுக்கிட்டு இருந்தா வெரலு நடுங்கும். அது கண்டுபிடிச்சுரும்" என்பார். பாடம் அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பது யாருக்கும் புதுமையில்லை. ஹாம்ஸ்டர் என்கிற குட்டிச் சீமை எலியை வளர்ப்பதும் இப்போது புதுமையில்லை. கைபேசியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்க, பெற்றோர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கிய மூன்றாம் நாள் விரலில் கடிபட்டு, கூண்டோடு கடைக்கே திரும்பக் கொண்டுவருபவர்களும் உண்டு. செல்லப்பிராணிக் கடை வைத்திருக்கும் கௌதம்ராஜ் அவர்களுக்கு மாரிச்செல்வியின் வீட்டைக் கைகாட்டிவிடுவார். "எங்க எலி டீச்சரம்மாகிட்ட பதினஞ்சு நாள் விட்டுப் பாருங்க. அப்பவும் கடிச்சா நானே எடுத்துக்கிறேன்." இதுவரை அவர் ஒன்றையும் திரும்ப எடுத்துக்கொண்டதில்லை.

டீச்சரம்மாவின் தொழில் வேறு. நாற்பத்தேழு வயது மாரிச்செல்வி ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். வரிசையாகச் சுழன்று நூல் சுற்றும் கதிர்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்து, எங்கே நூல் அறுந்தாலும் கண்ணில் பட்ட நொடியில் விரலால் சேர்த்துவிட வேண்டும். அங்கே மெஷின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவந்தாய், சூப்பர்வைசர் எந்தப் பக்கம் போனார், யார் வீட்டில் சண்டை, எல்லாமே சத்தமில்லாத உதட்டில்தான் நடக்கும். இந்தப் பழக்கம் மாரிச்செல்வியோடு மில் வேனில் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வரும் ஹாம்ஸ்டர்கள் சீக்கிரம் அடங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த அமைதிதான்.

அவர் கணவர் சீனிச்சாமி பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்தவர். மனைவியின் உதட்டுப் பேச்சு அவருக்குப் பிடிபட்டதே இல்லை. "என்னமோ வையுதா. என்னன்னுதான் தெரியாது" என்பார். வாசலில் யாராவது விசாரித்தால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: "வேட்டை நாய்க்குப் பேர்போன ஊருல என் பொண்டாட்டி எலிக்கு வகுப்பு எடுக்கா. என்னத்தச் சொல்ல."

இருபத்திரண்டு வருடப் பஞ்சுத் தூசி மாரிச்செல்வியிடம் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. அவருக்கு வாசனை தெரியாது. "மல்லியப்பூவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரிப்பார். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தால் முன்னறையில் பேப்பர் படிக்கும் சீனிச்சாமிதான் குரல் கொடுக்க வேண்டும். இதை இருவரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. வீட்டில் ஒரு மூக்கு வேலை செய்தால் போதாதா?

வீட்டின் பின்னறையில் எந்நேரமும் இரண்டு மூன்று பெட்டிகள் இருக்கும். ஒரு பெட்டிக்கு ஓர் உயிர்தான். ஹாம்ஸ்டருக்குத் துணை தேவையில்லை. இரண்டைச் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறிவிடும். பகலில் அவை தூங்கும்போது அந்த அறைக்குள் சீனிச்சாமி இருமக்கூட அனுமதியில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஓடுவதற்கு ஒரு சக்கரம், உருள்வதற்கு ஒரு கிண்ணத்தில் மணல், அப்புறம் ஒரு கோன். மில்லில் நூல் சுற்றுவதற்கான காகிதக் கூம்புதான் அது. நசுங்கியவற்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்து, குறுகிய நுனியை வெட்டி எறிந்துவிட்டு வைப்பார். ஹாம்ஸ்டருக்கு அது வளை. அதற்குள் தானாக நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கோனோடு தூக்கிவிடலாம். கையால் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

எல்லாப் பெட்டியிலும் காகிதத் துண்டுகள்தான் படுக்கை. பஞ்சு கிடையாது. ராஜபாளையத்துக்காரர்கள் ஹாம்ஸ்டருக்குப் பஞ்சைத்தான் முதலில் தேடுவார்கள். மெத்தென்று இருக்கும், ஊரில் எங்கும் கிடைக்கும். மாரிச்செல்வியும் அதைத்தான் செய்தார். கௌதம்ராஜ் கடையில் யாரோ விட்டுப்போன ஒரு குட்டியை இரக்கப்பட்டு வாங்கிவந்து, மில்லின் கழிவுப் பஞ்சில் படுக்கை போட்டார். பஞ்சில் கலந்திருந்த ஒரு நூலிழை குட்டியின் பின்னங்காலில் சுற்றி இறுகியதை மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை. கால் கறுத்துப்போயிற்று. மருத்துவர் காலை எடுத்துவிட்டார். அந்தக் குட்டிதான் சின்னான். மூன்று காலோடு, வயதாகி, இப்போதும் சன்னலோரப் பெட்டியில் இருக்கிறது. "நாளைக்கு எத்தனாயிரம் இழை என் கையில போவுது. அதுல ஒண்ணு எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க" என்பார் மாரிச்செல்வி. அவர் மற்றவர்களின் ஹாம்ஸ்டர்களை வாங்கிப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கூலி வாங்குவதில்லை. விதைப் பொட்டலம் கொண்டுவந்தால் மறுப்பதும் இல்லை.

சென்ற ஆவணியில், கௌதம்ராஜ் கைகாட்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பேருந்து ஏறி ஒருவர் வந்தார். மடியில் ஒரு பால்கோவா அட்டைப்பெட்டி. கதவைத் திறந்த சீனிச்சாமியின் முகம் மலர்ந்தது. பெட்டி அசைவதையும் அதில் ஆணியால் குத்திய ஓட்டைகளையும் பார்த்ததும் வாடியது. "பால்கோவான்னு பாத்தா, இதுவும் எலியா?" என்று கேட்டுவிட்டு வழிவிட்டார்.

வந்தவர் பொன்னுராஜ். பால்கோவாக் கடை ஒன்றில் அடுப்பு மாஸ்டர். பதினேழு வயதில் கரண்டி பிடித்தவர். இப்போது நாற்பத்து நான்கு. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெபா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். விடுதியில் பிராணிகளுக்கு இடமில்லை என்பதால் தன் ஹாம்ஸ்டரை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதன் பெயர் பிஸ்தா. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ காலில் வருவாள். "பிஸ்தா எங்கப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. பொன்னுராஜ் வேலை முடிந்து வரும் நேரத்தில்தான் அதுவும் தூங்கி எழும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஆனால் அது கடித்தது. ஜெபாவைக் கடித்ததே இல்லை, தன்னைத்தான் கடிக்கிறது என்றார் பொன்னுராஜ். இரண்டு வாரத்தில் மூன்று முறை. கட்டைவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினார். பால்கோவா கிண்டுகிற கையில் பிளாஸ்திரி இருக்கக் கூடாது. கழன்று பாலில் விழுந்தால் கடையின் பெயர் போய்விடும். முதலாளி ஒருமுறை பொறுத்தார். அடுத்த முறை, இனி விரலில் கட்டோடு வந்தால் அடுப்புப் பக்கம் வராதே, பாக்கெட் போடும் பக்கம் போய் உட்கார்ந்துகொள் என்று சொல்லிவிட்டார்.

"அடுப்ப விட்டு எறங்கிட்டா நான் யாரு, அக்கா?" என்று கேட்டார் பொன்னுராஜ். "இவனக் கடையில குடுத்துட்டா எம் மகளுக்கு என்ன பதில் சொல்ல?"

மாரிச்செல்வி அவருடைய கைகளைப் பார்த்தார். பெரிய கைகள்; பேசும்போதே லேசாக நடுங்கின. அவருக்குக் காரணம் விளங்கிவிட்டது. பயந்த கை, அவசரக் கை. ஜெபாவுடைய கை அமைதியான கையாக இருந்திருக்கும். "ஆம்பளைகளுக்கு எல்லாத்துலயும் அவசரம். கைய வச்சுட்டு மறக்கத் தெரியாது" என்றார். பிஸ்தாவைக் காகிதப் படுக்கைக்கு மாற்றிவிட்டு, அட்டைப்பெட்டியைக் குப்பையில் போட்டார்.

முதல் இரண்டு நாள் பிஸ்தா வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மாரிச்செல்வியின் உள்ளங்கையில் ஏறியது. ஐந்தாம் நாள் அங்கேயே உட்கார்ந்து விதை கொறித்தது. ஏழாம் நாள் சீனிச்சாமியை வற்புறுத்திக் கையை வைக்கச் சொன்னார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பல்லைக் கடித்தபடி வைத்தார். அவர் கையிலும் ஏறி, மணிக்கட்டு வரை போய்த் திரும்பியது. இவ்வளவு சாதுவான ஹாம்ஸ்டர் இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. பத்தாம் நாள் மாரிச்செல்வி பொன்னுராஜைக் கைபேசியில் கூப்பிட்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். "இனி கடிக்காது தம்பி. இது எம் பேச்சு."

ஞாயிறு சாயங்காலம் பொன்னுராஜ் வந்தார். கட்டைவிரல் ஆறியிருந்தது. சொன்னபடி சோப்புப் போட்டுக் கை கழுவினார். சொன்னபடி கையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டிவியைப் பார்த்தார். பத்து நாளாக வீட்டிலும் பழகியிருக்கிறார் போல, கை நடுங்கவில்லை. பிஸ்தா வெளியே வந்தது. முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும் என்று மாரிச்செல்வி எதிர்பார்த்தார். அது பின்வாங்கவில்லை. நேராக வந்து, ஆள்காட்டி விரலைப் பிடித்துக் கடித்தது.

பொன்னுராஜ் கத்தவில்லை. அது விடும்வரை கையை அசைக்காமல் இருந்துவிட்டு, மெதுவாக வெளியே எடுத்தார். காகிதத்தின் மேல் இரண்டு சொட்டு ரத்தம். "கடைக்காரர்கிட்டயே குடுத்துருங்கக்கா" என்றார்.

மாரிச்செல்வியின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. இந்த முறை அது மில் பழக்கம் இல்லை.  அமைதியான கை. தூக்கம் தெளிந்த ஹாம்ஸ்டர். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட மீறப்படவில்லை. அப்படியும் கடித்தது.

சீனிச்சாமி தன் பட்டாளத்து முதலுதவிப் பெட்டியை எடுத்துவந்து பொன்னுராஜின் எதிரே உட்கார்ந்தார். காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, குனிந்து கட்டுப் போட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, அந்தக் கையை இன்னும் கொஞ்சம் முகத்தருகே இழுத்தார்.

"என்ன தம்பி, கை இப்படி மணக்கு? டெட்டாலையும் தாண்டி அடிக்கு."

பொன்னுராஜுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோப்புப் போட்டுத்தான் கழுவினேன், காலையிலும் குளித்துவிட்டுத்தான் வந்தேன் என்றார்.

"இருவத்தேழு வருசம் பால்கோவா கிண்டுன கை. சோப்புக்கு என்ன தெரியும்?" என்றார் சீனிச்சாமி. "ஏட்டி செல்வி, ஒனக்குத் தெரியலயா?" கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. குனிந்து கட்டை முடித்தார்.

 மாரிச்செல்வி சன்னலோரம் போய்ச் சின்னானின் பெட்டியைத் தூக்கிவந்து பொன்னுராஜின் முன்னால் வைத்தார். சின்னான் பிறந்ததில் இருந்து ஒருவரையும் கடித்ததில்லை. தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் தூக்கிப் பார்த்த உயிர். மற்றக் கையை வைக்கச் சொன்னார். பொன்னுராஜ் தயங்கினார்; விரலை நீட்டாமல் மடக்கியே வைத்தால் போதும் என்றார் மாரிச்செல்வி. மூன்று காலில் நொண்டி நொண்டி வந்தது சின்னான். முகர்ந்தது. உடம்பு முழுவதும் விழித்துக்கொண்டதுபோல் நிமிர்ந்தது. மடங்கிய விரலின் மூட்டை முன்னங்கால் இரண்டாலும், சூரியகாந்தி விதையைப் பிடிப்பதுபோலவே பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தது. மாரிச்செல்வி சட்டென்று கோனை நடுவில் வைத்துத் தடுத்தார்.

ஹாம்ஸ்டருக்குக் கண் சரியாகத் தெரியாது. உலகம் முழுவதும் அதற்கு மூக்கு வழியாகத்தான் வருகிறது. இதைப் பத்துப் பேருக்காவது அவர் சொல்லியிருப்பார்.

"கடிக்கல தம்பி. அது திங்க வருது" என்றார். சற்றுப் பொறுத்து, "தப்பு எம் மேலதான். உங்க கையப் போய்க் குத்தம் சொன்னேன்."

பொன்னுராஜ் கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப எம்மேல கோவம் இல்லையாக்கா அவனுக்கு?"

அந்த வாரம் பொன்னுராஜ் பாக்கெட் போடும் பக்கம்தான் உட்கார்ந்தார். காயம் ஆறினால் அடுப்புக்குத் திரும்பலாம், ஆனால் இதுதான் கடைசி என்று முதலாளி சொல்லியிருந்தார். இன்னொரு கடி பட்டால் அடுப்பு இல்லை. கையை மாற்ற முடியாது. அந்த ஞாயிறே கட்டில்லாத கையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பார்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சீனிச்சாமி முகர்ந்துவிட்டு, பால்கோவா இப்போது புளித்துப்போயிருக்கிறது என்றார். மாரிச்செல்வி ஒரு முடிவுக்கு வந்தார். பிஸ்தாவுக்குச் சொல்லிக்கொடுக்க இனி ஒன்றும் இல்லை; வேறு வழி கண்டுபிடிக்க வேண்டியது பொன்னுராஜுக்குத்தான். அந்த விரல்கள் இனி பெட்டிக்குள் போகவே கூடாது.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு கோனை எடுத்துப் பொன்னுராஜிடம் கொடுத்துப் பார்த்தார். கோனைப் பிடித்த இடமும் மணந்தது. பிஸ்தா கோனின் விளிம்பைக் கொறித்தது. பொன்னுராஜின் கையும் பழையபடி நடுங்கியது. மாரிச்செல்வி அந்தக் கையைப் பார்த்தபடி யோசித்தார். பிறகு அடுப்படிக்குப் போய், கல்யாண வீட்டுக்குச் சமைக்க வைத்திருந்த நீளமான மரக்கரண்டியை எடுத்துவந்தார். அதன் தலைப்பக்கம் புதுக் கோன் ஒன்றைப் படுக்கவைத்துக் காகித டேப்பால் ஒட்டினார். கட்டுவதற்கு நூல்தான் சுலபம். நூலை அவர் தொடவில்லை.

பொன்னுராஜ் காம்பைப் பிடித்தார். அவ்வளவுதான், நடுக்கம் நின்றுவிட்டது. தோள் இறங்கியது, முழங்கை உடம்போடு ஒட்டியது. அடிப்பிடிக்காமல் பாலைக் கிண்டுகிறவர் போலக் கரண்டியை மெதுவாகப் பெட்டிக்குள் இறக்கி, காகிதத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அப்படியே நின்றார். மணிக்கணக்காக நிற்கிறவர். எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் நிற்பார் என்று பார்த்தாலே தெரிந்தது. பிஸ்தா வந்தது, கோனை முகர்ந்தது, உள்ளே நுழைந்து வசதியாகத் திரும்பி உட்கார்ந்தது. பொன்னுராஜ் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்; சீனிச்சாமி அவர் மடியில் ஒரு துண்டை விரித்தார். சூடான பால்கோவாவைத் தட்டுக்கு மாற்றும் கவனத்தோடு, தன் மடியில் விரித்திருந்த துண்டின் மேல் கோனைச் சாய்த்தார். பிஸ்தா இறங்கி நடந்தது.

ஏழு மணிக்கு ஜெபா கூப்பிட்டாள். சீனிச்சாமி கைபேசியைப் பிடித்துக்கொண்டார். பொன்னுராஜ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியபடி உட்கார்ந்திருந்தார். மடியில் பிஸ்தா, பக்கத்தில் நீளக் கரண்டி.

"என்னப்பா, எம் பிள்ளையக் கரண்டியிலயா எடுத்தீங்க?"

"ஆமாம்மா. எனக்கு அதுதான தெரியும்" என்றார் அவர்.

மாரிச்செல்வி தன் வீட்டுக் கரண்டியை அவரிடமே கொடுத்தனுப்பினார். புரட்டாசி முழுவதும் பொன்னுராஜின் விரலில் பிளாஸ்திரி இல்லை. அடுப்பில் நிற்கும் படம் ஒன்றைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். கரண்டி பிடித்த பத்து விரல்களும் தெரியும்படி எடுத்த படம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌதம்ராஜ் கடையில் இவர்களுக்கென்று ஒரு பால்கோவாப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த முறை அதில் ஓட்டை இல்லை. சீனிச்சாமி பாதிக்கு மேல் தின்றார். மாரிச்செல்வி ஒரு துண்டு எடுத்து நாக்கில் வைத்தார். இனிப்பு இருந்தது. வாசனை வரவில்லை.

இப்போது பின்னறையில் தளவாய்புரத்தில் இருந்து வந்த ஒரு சாம்பல் நிற ஹாம்ஸ்டர் இருக்கிறது. ஐந்து பேரைக் கடித்திருக்கிறதாம். மணி ஆறரை. மாரிச்செல்வி குழாயடியில் கை கழுவித் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வருகிறார். பெட்டிப் பக்கம் போகாமல், பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சீனிச்சாமியின் எதிரே நின்று, வலது கையை அவருடைய மூக்குக்கு நேரே நீட்டுகிறார். அவர் பேப்பரைத் தாழ்த்துகிறார், முகர்கிறார், யோசிக்கிறார், தலையை இடமும் வலமும் ஆட்டுகிறார். மாரிச்செல்வி குழாயடிக்குத் திரும்பிப் போய், மறுபடி கழுவிவிட்டு வந்து, அதே கையை அதே இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.